லண்டனில் இஸ்கூலும் ஸுகூரும்

கேள்வி: லண்டனில் படிக்கும் என் புதல்வன், ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கென்று வாரந்தோறும் ஒரு ஜப்பானிய மாணவரைச் சந்திக்கிறானாம். நீச்சல் தெரியாத இருவர் கைகோத்து ஆற்றில் இறங்குவதாகாதா?

பதில்: ஆகும், ஆனால் கரையில் நின்று நகைக்கும் ஆங்கிலேயர் எவரும் அருகில் இல்லாமையால், இருவரும் லஜ்ஜையின்றிக் கைகால்களை உதைத்துப் பழகலாமென்பதே அதிலுள்ள விசேஷம். நம்மவர் சிலர் 'இஸ்கூல்' என்று முன்வாசலில் ஒரு திண்ணை கட்ட, ஜப்பானியரோ 'ஸுகூரு' என்று நடுவிலும் கொல்லையிலும் ஒவ்வோர் அறை சேர்த்துவிடுவதால், அந்தச் சிறிய ஆங்கிலச் சொல் பெருங்குடும்பத்துக்குப் போதுமான வீடாகிவிடுகிறது. (எழுத்துக்கூட்டலை மட்டும் இருவரும் கேளாதிருப்பது க்ஷேமம்.) சம்பாஷணைக்கு விஷயம் வேண்டுமே என்ற விசாரமும் வேண்டாம், 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட டாக்டர் ஜான்சன், தம் நாட்டார் சந்தித்தவுடன் வானிலை பேசும் வழக்கத்தைக் குறித்து 1758-இலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆகவே மழையைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் கைவசமிருந்தால் பாதிப் படிப்பு முடிந்தது. மீதிப் பாதி, ஜப்பானியர் குனிந்து வணங்க, உம் புதல்வன் கைகூப்பி நிற்க, முதலில் பேசுவது யார் என்று தீர்மானிப்பதுதான்.