மேலே கார், அடியில் ரயில், நடுத்தெருவில் நாம்

சென்னையில் சைதாப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவே அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதற்காக ஆண்டுக்கணக்கில் சாலையை அடைத்துத் தோண்டினார்கள். பொறுத்துக்கொண்டோம். இனி காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போவார்கள் என்று நம்பினோம். அரசாங்கம் அப்படி நம்பவில்லை. அதே ரயிலின் தலைக்கு மேலே 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியது. மதிப்பு 621 கோடி ரூபாய். காரைக் குறைக்க அடியில் கோடிகள், காரை வரவேற்க மேலே கோடிகள். இரண்டுக்கும் வரி கட்டுகிறவன் நடுவில் நின்று 18ஏ பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறான். மேம்பாலத்தில் பஸ் நிறுத்தம் கிடையாது. அது யாருக்கான பாலம் என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

கோயம்பேட்டைப் பாருங்கள். 2002இல் பஸ் நிலையம் வந்தது. 2015இல் பக்கத்திலேயே மெட்ரோ வந்தது. ஊரிலிருந்து வந்து இறங்கினால் ரயிலேறலாம். தப்பித்தவறி ஒரு காரியம் சரியாக அமைந்துவிட்டது. விடுவார்களா? 2023 டிசம்பர் 30 அன்று தென்மாவட்ட பஸ்களுக்குக் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புது நிலையம் திறந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப்புறம் மின்சார ரயில் போனது. போனது, அவ்வளவுதான். திறப்பு விழா அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. ரயில் நிற்கும் இடத்திலிருந்து பஸ்ஸைப் பிடுங்கி, ரயில் நிற்காத இடத்தில் நட்டார்கள். ஆறே வாரத்தில், நள்ளிரவில் ஊருக்குப் போக பஸ் இல்லாமல் பயணிகள் மறியலில் உட்கார்ந்தார்கள். கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கஷ்டம் புரியாது. திட்டம் போட்டவர்கள் எல்லோரிடமும் கார் இருந்தது.

இதையெல்லாம் ஒருங்கிணைக்க அமைப்பில்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. 'கும்டா' என்ற பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். ஒருங்கிணைக்க வேண்டியவர்கள் ஓர் அறையில் ஒன்றாக உட்காரவே 12 வருஷம். இதற்கிடையே கழகங்கள் மாறி மாறி ஆண்டன. இந்த ஒரு விஷயத்தில் அவற்றுக்குள் நல்ல ஒருங்கிணைப்பு இருந்திருக்கிறது.

2014இல் மாநகராட்சி ஒரு கொள்கையும் நிறைவேற்றியது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். கேட்கவே இனிக்கிறது. அவர்களுக்கான நடைபாதையில் இன்று மின்வாரியப் பெட்டி இருக்கிறது, பைக் இருக்கிறது, கட்சிக் கொடிக்கம்பம் இருக்கிறது. நடக்கிறவன் மட்டும் ரோட்டில் இருக்கிறான்.

மாற்றுத்திறனாளிகள் தாழ்தளப் பஸ் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசுத் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? நம் சாலைகள் அதற்கு ஏற்றவை அல்ல, தண்ணீர் தேங்கும் என்றது. அந்தச் சாலைகளைப் போட்டது ஏதோ அண்டை நாட்டு அரசு போலிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமைக்கு 2024 ஆகஸ்டில்தான் சில பஸ்கள் வந்தன, கொடியசைப்போடு.

கடைசியாக வேளச்சேரி. அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை. வேலை தொடங்கியது 2008இல். நிலம் எடுப்பதில் வழக்கு, தூண்களுக்கு ஓய்வு. கார்களுக்கான அடுக்கு மேம்பாலம் மட்டும் வழி கண்டுபிடித்து முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் அதன்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; முந்தைய மழைகளில் முங்கிய கார்கள் அவை. அன்று வேளச்சேரியில் இரண்டு பாலங்கள் இருந்தன. ரயில் ஓட வேண்டிய பாலத்தில் ரயில் இல்லை. கார் ஓட வேண்டிய பாலத்தில் கார் ஓடவில்லை. நிறுத்தியவர்களுக்கு அபராதம் போடவில்லை என்று காவல்துறை அவசர அவசரமாக விளக்கம் கொடுத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு விளக்கம் கொடுக்க யாரும் வரவில்லை, பஸ்ஸும்தான்.