ஒரு தூளும் சிந்தாத அண்ணை

பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் றோல்ஸ் வாங்கித் தின்கிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்குகிறார்கள், கடதாசியில் எண்ணெய் ஊறுவதற்குள் முடிக்கிறார்கள், மெத்ரோ ஏறுகிறார்கள். நான் சொல்ல வந்தது, றோல்ஸ் என்றால் வீட்டில்தான் போடவேண்டும், அதையும் முறைப்படி போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும் அண்ணைமாரைப் பற்றி. ஸ்டாலின்கிராட் மெத்ரோவிலிருந்து கூப்பிடு தூரத்தில், லிப்ட் இல்லாத கட்டடம் ஒவ்வொன்றிலும் இந்த இனத்தவர் ஒருவராவது குடியிருப்பார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கியிருப்பார். முதல் வேலை, ஏதோவொரு பிரெஞ்சு றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவல். அடுத்தது வெங்காயம் உரித்தல், அதற்கடுத்தது சலாட் அடுக்கல். ஒருநாள் சமையல்காரன் வேலைக்கு வராமல் விட, அடுப்படிக்கு ஏற்றம். ஞானம் கிடைத்தது அங்கேதான். மெல்லிய இறைச்சித் துண்டை மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் ஒற்றி எடுக்கிற வித்தை. பிரெஞ்சுக்காரர் இதை ஆங்கில முறை என்பார்கள். "ஊரிலை அம்மா கட்லெற்றுக்கு இதைத்தானே அண்ணை செய்தவ?" என்று கேட்டுப் பாருங்கள். இரக்கத்தோடு சிரிப்பார். "அது சமையல் தம்பி. இது தெக்னிக்."

ஓகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் பார்க்க ஜெர்மனி, சுவிஸ் சொந்தமெல்லாம் வந்து நிற்கும். தேர் முடிந்து வீட்டில் மச்சம் தொடங்குகிற நாள்தான் அண்ணையின் அரங்கேற்றம். பெரும் போர் ஒன்றின் பெயரை 1946-இல் சூட்டிக்கொண்ட நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, குசினிக்குள் அவர் தளபதி நடையில்தான் நுழைவார்.

தூளிலிருந்து தொடங்குவார். முன்பெல்லாம் பைக்கற்றில் வருகிற றஸ்க் தூள் போதுமாக இருந்தது. 2023-இல், இலங்கையில் பிறந்த தர்சன் செல்வராஜா பாரிசின் மிகச் சிறந்த பக்கெத்துக்கான பரிசை வென்று, எலிசே மாளிகைக்கு ஓராண்டு பாண் கொடுக்கிற உரிமையையும் பெற்றார். அன்றோடு பைக்கற்றுக்கு வீட்டில் தடை. "எங்கடை பெடியன் சனாதிபதிக்குப் பாண் குடுக்கிறான், நான் கடைத்தூள் வாங்கிறதோ?"

பக்கெத் 'திரடிசியோன்' இந்த வேலைக்குத் தோதானது என்பது உண்மைதான். 1993-இல் வந்த அரசாணைப்படி அதில் பதப்படுத்தும் சரக்கு எதுவும் சேர்க்கக்கூடாது. ஆகவே மறுநாளே காய்ந்து விறகாகிவிடும். அதை இளஞ்சூட்டு அவனில் ஈரம் போக வைத்து, துணிப்பைக்குள் போட்டு வாயைக் கட்டி, போத்தலால் உருட்டி நொறுக்குவார். பைக்குள் நொறுங்குவதால் ஒரு துணிக்கையும் பறக்காது. பிறகு அரிதட்டால் அரிப்பார். அரிக்கும்போது நிலத்தில் கொட்டுவதை அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, கூட்டுவா.

பிறகு மேசை. பழைய பேப்பர் விரித்து, இடமிருந்து வலமாக மாத் தட்டம், முட்டைக் கோப்பை, தூள் தட்டம். முட்டையில் ஒரு கரண்டி பால் விட்டு, வெள்ளைக்கரு இழை அறும்வரை அடித்திருப்பார். அந்த இழைதான் விரலில் களியாகத் திரள்கிறதாம். இடக்கை ஈரத்துக்கு, வலக்கை தூளுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தூளில் பாதிதான் தட்டத்தில், மீதி டப்பாவில். ஈரம் பட்டுக் கட்டியானால் எறிவது பாதியோடு போகும். தூளில் உருட்டக்கூடாது. மேலே தூவி, உள்ளங்கையால் ஒற்றி, மெல்லத் தட்டி உதறவேண்டும். ஒட்டாத தூள் தாச்சிக்குள் உதிர்ந்து கருகினால் எண்ணெய் முழுக்கக் கறுத்துவிடும்.

அநியாயம் சொல்லக்கூடாது, இதில் ஒரு பிழையும் இல்லை. ஒரேயொரு தடவை அக்கா வாய் திறந்தா. "இஞ்சாருங்கோ, மீன் கட்லெற் ஈரம், அதுக்கு மா வேணும். றோல்ஸின்ரை தோலே மாவாலை சுட்டதுதானே, பிறகேன் இன்னொருக்கா மா?" அண்ணை ஒரு கணம் நின்றார். மாத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தானே கண்டுபிடித்ததுபோல, "றோல்ஸுக்கு மா தேவையில்லைத் தம்பி" என்று என்னிடம் அறிவித்தார்.

இரண்டாம் இலக்க மெத்ரோ அந்தப் பகுதியில் தூண்களுக்கு மேலால் ஓடுகிறது. அது கடக்கும்போது யன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். தட்டத்துத் தூள் நலுங்குமென்று அண்ணை இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்தபடி, ரயில் போய் முடியும்வரை காத்திருப்பார். காத்திருக்கிற நேரத்தில்தான் அவருக்கு எல்லாம் தேவைப்படும்.

"இஞ்சாரும், போன் அடிக்குது." அக்கா போனைக் காதில் பிடிப்பா. "இஞ்சாரும், மூக்குக் கடிக்குது." துவாயால் துடைப்பா. "தூள் போடும்." போடுவா. "பிறிட்ஜைத் திறவும்." திறப்பா. ஏனென்றால் ஒரு கை முட்டை, மறு கை தூள். எதையும் தொட்டால் அழுக்கு.

அறுபது றோல்ஸ் அப்படி முடியும். விடிய எழும்பி ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்குக் கறி காய்ச்சி, அது நன்றாக ஆறும்வரை வைத்து, அறுபது தோல் சுட்டு மடித்து, மாக்கூழ் பூசி ஒட்டியது அக்கா. அரைமணி நேரம் பிறிட்ஜில் இறுகவிட்டு, ஒரு தூளைப் போட்டு எண்ணெய்ச் சூடு பார்த்து, நாலு நாலாகப் பொரிக்கப்போவதும் அக்காதான். அண்ணை கை கழுவிவிட்டுத் தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்து, மேசையைக் காட்டுவார். "பாத்தீங்களே, ஒரு தூள் கிடக்குதே?"

இல்லைத்தான். பேப்பரைச் சுருட்டினால் மேசை பளபளக்கிறது. கழுவுதொட்டிக்குள் பார்த்தால் தட்டம், கோப்பை, அரிதட்டு, துணிப்பை, சருவச்சட்டி எல்லாம் குழாயை முட்டிக்கொண்டு நிற்கின்றன. கோப்பை கழுவுவதில் தொழில் தொடங்கிய மனிதர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் றோல்ஸ் போடுவதென்றால் அவருடைய முறையையே பின்பற்றுங்கள், நல்ல முறை. ஆளையே கூப்பிடுகிற எண்ணமிருந்தால் அக்காவையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அண்ணை தனியாக வந்து றோல்ஸ் போட்ட வீட்டை லாச்சப்பலில் நான் இன்னும் பார்க்கவில்லை.