பத்து ஸ்லைடில் பாலாறு

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பணமும் அங்கிருந்து திரும்பும் பணமும் நாட்றம்பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையை அப்படிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் ஒரு நாளாவது இங்கே இறங்கி டீ குடித்தது கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்க அவதரித்ததுதான் பிட்ச் பயிற்சி. முதலீட்டாளர் முன்னால் நின்று பேசிப் பணம் வாங்கும் வித்தை. 2021 டிசம்பரில் டிவியில் ஷார்க் டேங்க் இந்தியா நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு, வித்தையின் முதல் பாடம் வீட்டுக்கூடத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மேற்படிப்புக்கு மட்டும்தான் கட்டணம்.

இதற்கு முன் நம் பக்கத்தில் தொழிலுக்குப் பணம் புரட்டிய விதத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு டேனரிக்காரர் கடன் கேட்டால், கொடுக்கிறவர் நேராக ஷெட்டுக்கே வந்து நிற்பார். சுண்ணாம்புத் தொட்டியை எட்டிப் பார்ப்பார். டிரம்மிலிருந்து இறங்கிய தோலைத் தடவுவார். கத்தி பட்ட வெட்டு உண்டா, உண்ணி கடித்த தழும்பு உண்டா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இவன் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் விசாரிப்பார். என்ன அநாகரிகம்! புதிய வித்தை இந்தத் தொல்லைகளை எல்லாம் ஒழித்துவிட்டது. 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளி அளவு எழுத்து என்று அமெரிக்காவின் கய் கவாசாகி இலக்கணமே வகுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் தோலும் இல்லை, நாற்றமும் இல்லை, பாக்கிக்காரரும் இல்லை. ஏசி மட்டும் உண்டு.

அடுத்த அருமை, கணக்கு. செருப்பு செய்து விற்க நினைக்கிற பிள்ளை முன்பெல்லாம் கடைக்காரரிடம் போய், மாதம் எத்தனை ஜோடி போகும் என்று கேட்பான். “நாற்பது போகலாம் தம்பி, அதுவும் கடனுக்கு” என்ற பதிலைக் கேட்டு முகம் வாடித் திரும்புவான். பயிற்சி பெற்ற பிள்ளைக்கு அந்த வாட்டமே வராது. இந்தியாவில் 140 கோடிப் பேர். ஆளுக்கு இரண்டு கால். ஆக 280 கோடிக் கால்கள். “இதில் நூற்றில் ஒன்று கிடைத்தாலே எங்களுக்குப் போதும்” என்று தலையைத் தாழ்த்திச் சொல்வான். 2 கோடியே 80 லட்சம் கால்களை இவ்வளவு அடக்கமாகக் கேட்ட பிள்ளையை எந்தத் தாய் பெற்றிருக்கிறாள்?

எல்லாவற்றையும்விட மெய்சிலிர்க்க வைப்பது ‘பிரச்சினை’ ஸ்லைடு. உதாரணத்துக்குப் பாலாறு. அது தமிழ்நாட்டுக்குள் நுழைவது நம் பக்கமாகத்தான். தோல் கழிவு அந்த ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேரட்டும் என்று 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. 28 ஆண்டுகள்! பிட்ச் அறிந்தவர்களிடம் விட்டிருந்தால், இரண்டாவது ஸ்லைடில் ஆறு கெட்டிருக்கும், மூன்றாவது ஸ்லைடில் தெளிந்திருக்கும். நீதிபதிகளுக்கு ஸ்லைடு போடத் தெரியாததால் வந்த தாமதம்.

அந்த ஸ்லைடில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலும் பயிற்சியாளர்களின் நாசூக்கு தெரியும். 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். இதைச் சொன்னால் கேட்கிறவரின் மனம் சங்கடப்படும். பையிலிருந்து கை வெளியே வராது. அதனால் சொல்வதில்லை. ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கோ இடம் உண்டு. வரைபடத்தில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி. ஜோடிக்கு என்ன கூலி என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அடுத்து வரும் லாப ஸ்லைடின் அழகு குலைந்துவிடும்.

வித்தையின் வலிமையில் சந்தேகம் உள்ளவர்கள் சரித்திரத்தைப் பார்க்கலாம். அலுவலக இடம் வாடகைக்கு விடும் வீவொர்க் நிறுவனத்தை ஜப்பானிய முதலீட்டாளர் மசயோஷி சன் சுற்றிப் பார்த்தது 12 நிமிடம் என்று சொல்வார்கள். 2017-ல் அவருடைய சாஃப்ட்பேங்க் போட்டது 440 கோடி டாலர். நம்மூர் மண்டியில் ஒரு கட்டுத் தோலைப் புரட்டிப் பார்க்கவே அதைவிட நேரம் பிடிக்கும். 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பைத் தொட்ட அந்த நிறுவனம், 2023 நவம்பரில் திவால் மனு போட்டது. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட நம் இணையவழிக் கல்வி நிறுவனம் பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. இதில் வித்தைக்கு என்ன குறை? பணம் கைக்கு வருகிறவரை அது ஒரு முறைகூடத் தவறவில்லையே. அதற்குப் பிறகு நடப்பது பாடத்திட்டத்தில் இல்லை.

பயிற்சி வகுப்பில் மறந்தும் சொல்லக் கூடாத பெயர் ஸோஹோ. 1996-ல் தொடங்கி, வெளி முதலீட்டாளர் யாரிடமும் கை நீட்டாமல், பொருளைச் செய்து விற்று, வந்த காசில் வளர்ந்து, தென்காசிப் பக்கத்துக் கிராமம்வரை அலுவலகம் கொண்டுபோன நிறுவனம். இப்படி ஒரு ஸ்லைடும் காட்டாமல் முன்னுக்கு வருகிறவர்கள் பெருகினால், பயிற்சியாளர்களின் பிழைப்பு என்னாவது?

ஆகவே நாட்றம்பள்ளித் தம்பி தங்கைகளே, பிட்ச்சைத் தவறாமல் கற்றுக்கொள்ளுங்கள். கை எங்கே வைக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த ஸ்லைடில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தருகிறார்கள். தொழிலை மட்டும் கற்றுவிடாதீர்கள். தோல் தெரிந்தவனுக்கும் கூலி தெரிந்தவனுக்கும் மேடையில் நாக்கு குழறும்.