சீனாவில் ஒரு பக்கத்து ஊர்க்காரர்

1325-ல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்துப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லிக்கொண்டு மக்காவுக்குக் கிளம்பினான். வயது 21, பெயர் இப்னு பதூதா. ஹஜ்ஜை முடிப்பது, போகிற வழியில் பெரிய ஆலிம்களிடம் நாலு கிதாபு ஓதுவது, ஊர் திரும்பிக் குடும்ப வழக்கப்படி காஜியாக உட்கார்ந்துவிடுவது. இதுதான் திட்டம். பையன் மொராக்கோவுக்குத் திரும்பியது 1349-ல். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை திரும்பி வரத் தாமதமாவது நாம் பார்க்காததல்ல. ஆனாலும் 24 வருஷம் கொஞ்சம் ஓவர்.

அந்த மகா பயணியின் முதல் சாதனை, துனிஸ் நகரத்தில் அழுதது. கூட வந்த கூட்டத்தை வரவேற்க உள்ளூர்க்காரர்கள் திரண்டு வந்தார்கள். ஆளுக்கு ஆள் ஸலாம், குசலம், தழுவல். இவரை மட்டும் ஒரு ஈ காக்காய்கூடச் சீண்டவில்லை. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டிவிட்டது. பரிதாபப்பட்ட யாத்ரீகர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்துத் தேற்றினார். முப்பது வருஷம் கழித்து, பாதி உலகத்தைப் பார்த்துவிட்டு வந்து புத்தகம் சொல்லும்போதும் “என்னை யாருமே கண்டுக்கலை” என்ற கதையை மறக்காமல் சேர்த்திருக்கிறார். மன்னர்கள், மினாராக்கள் பற்றிய வர்ணனைகளைவிட இந்த ஒரு பத்தியில் ஆள் யாரென்று நன்றாகத் தெரிகிறது.

அழுகை நின்ற கையோடு காரியத்தில் இறங்கிவிட்டார். துனிஸை விட்டுப் புறப்படும்போது அந்தப் பயணக் கூட்டத்துக்கு இவரே காஜி. வழியில் துனிஸ்காரர் ஒருவரின் மகளைக் கட்டினார்; மாமனாரோடு தகராறு, தலாக். உடனே ஃபெஸ் நகரத்து மாணவர் ஒருவரின் மகளைக் கட்டி, போய்க்கொண்டிருந்த கூட்டத்தை ஒருநாள் பூராவும் நிறுத்தி விருந்து போட்டார். பெண் எடுத்தால் சொந்த நாட்டுப் பக்கம் எடுப்பதுதான் பாதுகாப்பு என்று பட்டிருக்கும். அந்தக் கொள்கை வெகுநாள் நீடிக்கவில்லை. பிறகு போன இடமெல்லாம் கட்டினார்.

படிப்பா? அதுவும் நடந்தது. 1326 ரமலானில் டமாஸ்கஸில் புகாரி ஹதீஸ் தொகுப்பைப் பாடம் கேட்டு, ‘இஜாஸா’ சான்றிதழ்களை அள்ளிக்கொண்டார். இன்றைக்கு ஃபாரின் டிகிரிக்கு இருக்கும் மவுசு அன்றைக்கு டமாஸ்கஸ் இஜாஸாவுக்கு இருந்தது. அதைக் காட்டினால் வேலை கொடுக்க ஒருவர் இருந்தார்: டெல்லியில் முகமது பின் துக்ளக். வெளிநாட்டுக்காரர் என்றாலே அவருக்கு ஒரு மயக்கம். பதூதா மாலிகி மத்ஹபு, டெல்லியோ ஹனஃபி. பாரசீகமும் சரியாக வராது. துக்ளக் யோசிக்கவே இல்லை. வருஷத்துக்கு 12,000 தினார் சம்பளத்தில் காஜி வேலை, மொழி தெரிந்த இரண்டு உதவியாளர்கள். நோகாமல் நொங்கு தின்பது என்றால் இதுதான். நொங்கு பத்தாமல் 55,000 தினார் கடன் வேறு வைத்தார்!

டெல்லியில் செய்துகொண்ட கல்யாணத்தில்தான் நம்ம மதுரை நுழைகிறது. பெண்ணின் அப்பா ஜலாலுத்தீன் அஹ்சன். துக்ளக்கின் ஆளாகத் தெற்கே வந்து, துக்ளக்கையே கழற்றிவிட்டு மதுரையில் தனி சுல்தான் ஆனவர். சில வருஷம் கழித்து, இலங்கையிலிருந்து கிளம்பிய பதூதாவின் கப்பல் நம் கடற்கரையில் தட்டி உடைந்தது. உயிரோடு கரையேறி விசாரித்தால், மாமனார் கொலையுண்டு போய்விட்டார். இப்போது மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானி. அவர் கட்டியிருப்பது அஹ்சனின் இன்னொரு மகளை. அதாவது சகலை!

உறவு முறை தெரிந்ததும் பல்லக்கும் குதிரைகளும் வந்தன. ஆனால் பூட்ஸ் போடாமல் சுல்தான் முன்னால் போகக்கூடாது என்பது சம்பிரதாயம். கப்பல் உடைந்து வந்தவரிடம் பூட்ஸுக்கு எங்கே போவது? சுற்றி இத்தனை முஸ்லிம்கள் நிற்க, ஒரு இந்துதான் கழற்றிக் கொடுத்தார். பதூதா இதில் அசந்துபோய்ப் பதிவு செய்திருக்கிறார். இரவல் பூட்ஸோடு உள்ளே போனவர் சகலையிடம் கேட்டது துணிமணி அல்ல, கடற்படை. மாலத்தீவில் காஜியாக இருந்து, பெரிய இடங்களில் சம்பந்தம் செய்து, அமைச்சரோடு முறைத்துக்கொண்டு வெளியேறியிருந்தார். அந்தக் கணக்கைத் தீர்க்க மாலத்தீவின் மேல் படையெடுக்கலாமே என்று ஆரம்பித்தார். சகலையும் சரி என்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் கப்பல் விட வழியே இல்லை என்று கடற்படைத் தளபதி கையை விரித்தார். அதற்குள் மதுரையில் கொள்ளைநோய் புகுந்தது, சுல்தானும் செத்தார். கைதிகளை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அவர் கொன்று போட்ட விதத்தைப் பார்த்துப் பதூதாவே குமட்டிப்போய் எழுதியிருக்கிறார். யாரும் பெரிதாக அழுதிருக்க மாட்டார்கள். நம்மாளும் காய்ச்சலில் விழுந்து எழுந்து, தலை தப்பினால் போதுமென்று கப்பல் ஏறினார். மாலத்தீவு பிழைத்தது.

அடுத்தது சீனா. அந்த நாடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாராம். ஒரு முஸ்லிம் முகத்தைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷமாம். கன்ஜன்ஃபூ என்று அவர் சொல்லும் ஊரில் (ஃபூஜோவாக இருக்கலாம்) தங்கியிருந்தபோது, ஒரு பெரிய படகில் பெரிய மனிதர் ஒருவர் வந்திறங்கிப் பார்க்க வந்தார். பெயர் கிவாமுத்தீன், சப்தா ஊர்க்காரர். ஸலாம் ஆயிற்று, குசலம் ஆயிற்று. பதூதா மட்டும் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கேயோ பார்த்த முகம். வந்தவரே பொறுக்க முடியாமல், என்ன இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். எந்த ஊர் என்று இவர் கேட்க, சப்தா என்று அவர் சொல்ல, நான் தாஞ்சியர் என்று இவர் சொல்ல, அவ்வளவுதான். அவர் அழ ஆரம்பித்தார். பார்த்து இவரும் அழுதார்.

தாஞ்சியருக்கும் சப்தாவுக்கும் நடுவே மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம்தான். சொந்த நாட்டில் இருந்திருந்தால் பக்கத்து ஊர்க்காரன் என்று ஒருவரையொருவர் முறைத்திருப்பார்கள். அழுது முடித்த பிறகுதான் பதூதாவுக்குப் பொறி தட்டியது: இந்தக் கிவாமுத்தீன்தான் முன்பு டெல்லிக்கு வந்திருந்த மீசை முளைக்காத புஷ்ரீ! தாய்மாமனோடு வந்த கெட்டிக்காரப் பையன். பதூதாதான் அவனுக்காகச் சுல்தானிடம் சிபாரிசு செய்தார். 3,000 தினார் கொடுத்து இங்கேயே இரு என்று துக்ளக் சொல்லியும் ஒத்துக்கொள்ளாமல் சீனாவுக்குப் போய், இப்போது கொழுத்த பணக்காரர். ஊர்ப்பாசத்தில் இரண்டு ஆண் அடிமைகளையும் இரண்டு பெண் அடிமைகளையும் அன்பளிப்பாகத் தந்தார். மனிதர்களை மொய் எழுதுவதில் இருவருக்குமே உறுத்தல் எதுவும் இல்லை.

பதூதா சீனாவுக்குப் போகவே இல்லை என்று அறிஞர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். பதூதா சொல்லச் சொல்லப் புத்தகத்தை எழுதிய எழுத்தர் இப்னு ஜுஸய், பழைய பயணியான இப்னு ஜுபைரிடமிருந்து பக்கம் பக்கமாக உருவிச் சேர்த்தவர்தான். சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் புளுகுகிறவன் வெள்ளை யானையைப் பார்த்ததாகப் புளுகுவான். பெயர் ஞாபகம் வராமல் ஒருத்தரை முழித்து முழித்துப் பார்த்ததாகவா புளுகுவான்?

புஷ்ரீ உறவு சீனாவோடு விடவில்லை. சில வருஷம் கழித்து மாலி நாட்டுக்குக் கிளம்பியபோது, சகாரா விளிம்பில் சிஜில்மாசா ஊரில் யார் வீட்டில் தங்கினார் தெரியுமா? அதே புஷ்ரீயின் உடன்பிறந்தார் வீட்டில். அண்ணன் தம்பிக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று பதூதாவே மலைத்துப்போகிறார். சாப்பாட்டு நேரத்தில் இவர் சீனக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதை நாம் யூகித்துக்கொள்ளலாம்.

மாலி தலைநகரில் இருந்த வட ஆப்பிரிக்க, எகிப்தியக் கூட்டத்துக்கு முன்கூட்டியே கடிதம் போட்டு வாடகைக்கு வீடு பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். மன்னர் சுலைமானிடமிருந்து வரவேற்புப் பரிசு வருகிறது என்று ஆட்கள் ஓடிவந்து சொன்னதும், பட்டு அங்கியும் பணமுடிப்பும் என்று நினைத்து எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, வறுத்த மாட்டிறைச்சி ஒரு துண்டு, ஒரு சுரைக்குடுக்கையில் தயிர். சிரித்துவிட்டார். பிறகு ஒருநாள் சபையில் எழுந்து, எத்தனையோ மன்னர்களைப் பார்த்தவன் நான், உங்களைப் பற்றி அவர்களிடம் என்னவென்று போய்ச் சொல்வது என்று ஒரு போடு போட்டார். மன்னர் உடனே தங்க ஒரு வீடு கொடுத்தார்; பின்னாடியே தங்கமும் வந்து சேர்ந்தது.