எண்ணெய் தீண்டாத வீரம்

டுகாட்டி பைக்குகளின் உலர் கிளட்சைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வண்டியில் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது என்று நினைக்கும் எளிய ஜீவன்கள் அவர்கள். அவர்களுடைய வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலில் முங்கிக் கிடக்கும். சத்தம் வராது, சுலபத்தில் சூடேறாது, வருஷக்கணக்கில் யாரும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அதெல்லாம் ஒரு பிழைப்பா?

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை, பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிறாய் என்று புகழ்ந்தாள். எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். அந்த அளவுகோலில் பார்த்தால் டுகாட்டியின் கிளட்சுக்கு இணையான வீரன் உலகத்திலேயே கிடையாது. எண்ணெய் அதன்மேல் பட்டதில்லை. பட்டறையை விட்டு அது அதிகம் பிரிந்ததும் இல்லை.

பொலோஞ்ஞா நகரின் போர்கோ பனிகாலேயில் உள்ள டுகாட்டி ஆலைக்காரர்கள் விவரம் தெரியாதவர்களா என்ன? கிளட்ச் ஆயிலில் சுழன்றால் இழுவை உண்டு, கொஞ்சம் சக்தி வீணாகும். தேய்ந்த பிளேட்டின் தூள் எஞ்சின் ஆயிலில் கலக்கும். வெளியே தொங்கவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மூடியைக் கழற்றி, ஆயிலை வடிக்காமலே புதுப் பிளேட் போட்டுவிடலாம். அத்தனையும் உண்மை. கார்ல் ஃபோகார்ட்டி டுகாட்டியில் நான்கு முறை உலக சூப்பர்பைக் பட்டம் வென்றார். அவருக்குப் பின்னால் மெக்கானிக் பட்டாளம் நின்றது. மாசிமோ தம்புரீனி வடிவமைத்து 1994இல் வந்த 916ஐ ஆசை ஆசையாக வாங்கிய சாமானியருக்கும் அதே கிளட்சைக் கொடுத்தார்கள். மெக்கானிக் பட்டாளத்தை மட்டும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சமத்துவம் வேறு எந்த கம்பெனிக்கு வரும்?

அதன் சங்கீதத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். சிக்னலில் நின்று லிவரைப் பிடித்ததும், அதுவரை ஸ்பிரிங் அழுத்தத்தில் இறுகிக் கிடந்த பிளேட்டுகள் தளர்கின்றன. வலது பக்கத்திலிருந்து, கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் கரண்டிக் கூடையைக் கவிழ்த்தது போல ஓர் ஓசை எழும். பக்கத்து வண்டிக்காரர், “சார், ஏதோ கழண்டுகிட்டு ஓடுது” என்று பதறுவார். உரிமையாளர் ஹெல்மெட்டுக்குள் புன்னகைப்பார். ரசிகனுக்கல்லவா தெரியும்!

அந்த ஓசை வரும் இடம் பார்க்க வேண்டியது. கிளட்ச் பாஸ்கெட் என்பது அலுமினியத்தால் ஆன வட்டக் கூடு. அதன் சுவரில் 12 காடிகள். ஒவ்வொரு உராய்வு பிளேட்டின் விளிம்பில் உள்ள நாக்குகளும் அந்தக் காடிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். எஞ்சினில் இரண்டு சிலிண்டர்; வெடிப்புகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. ஒவ்வொரு உதைக்கும் நாக்குகள் காடிச் சுவரில் மோதுகின்றன. நாளடைவில் சுவரில் பிளேட்டுக்கு ஒரு பள்ளம் விழுகிறது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் படிப்படியாகத் தடுக்கும். பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கும்போது லிவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் விடாது, வண்டி முன்னால் இழுக்கும், நியூட்ரல் கிடைக்காது. பொறுமையைக் கற்றுக்கொள்ள ஆசிரமம் தேடிப் போகிறவர்கள் இதை ஒருமுறை பரிசீலிக்கலாம்.

கொடைக் குணமும் உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளே கருந்தூள் அப்பிக் கிடக்கும். அத்தனையும் தன்னையே தேய்த்து அது தந்தது. நெரிசலில் பாதி கிளட்சில் ஊர்ந்தால் சூட்டைச் சுமந்து போக ஆயில் கிடையாது. இரும்புப் பிளேட் நீலம் பாரித்து நெளியும். அதற்குப் பிறகு கிளட்ச் ஒரே இடத்தில் பிடிக்காது. ஒரு வண்டி வாங்கி, நாளுக்கொரு வண்டி ஓட்டும் பாக்கியம்! லிவரின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும், இடப்பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் சீல் தன் பங்குக்குக் கசிந்து, லிவரை ஒருநாள் கைப்பிடியோடு ஒட்ட வைக்கும். அந்த நாள் வரும்வரை லிவரின் கனம் இடது முன்கைக்கு நல்ல உடற்பயிற்சி.

இப்பேர்ப்பட்ட பொருளுக்கு மேம்பாடு எதற்கு என்று கேட்கக்கூடாது. பக்தனுக்குத் தெரியும் எங்கே காணிக்கை செலுத்துவது என்று. முதல் வேலையாக ஓட்டை போட்ட மூடி, கார்பன் ஃபைபரில். காற்று போகும் என்பது சாக்கு. சத்தம் இன்னும் இரண்டு தெரு கேட்கும் என்பது நோக்கம். மழைநீரும் மண்ணும் தாராளமாக உள்ளே போய் வரலாம். அடுத்து வண்ண வண்ண ஸ்பிரிங் தொப்பிகள். அவை தேய்மானத்தைத் தடுக்காது, ஆனால் தேய்வது அழகாகத் தெரியும். பிறகு பெரிய பிஸ்டன் கொண்ட ஸ்லேவ் சிலிண்டர். லிவர் லேசாகும், உடற்பயிற்சி போய்விடும். கியர் இறக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் காக்க ஸ்லிப்பர் கிளட்ச். பந்தயத் தடத்தில் அருமையான சாமான், காய்கறிக் கடைக்குப் போகும் வழியிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாகத்தான், மனசே இல்லாமல், உண்மையான மருந்து: 12 காடிக்குப் பதில் 48 பற்கள் கொண்ட பாஸ்கெட், அதற்கேற்ற பிளேட்டுகள். அடி நான்கு மடங்கு இடங்களில் பகிர்ந்து விழுவதால் பள்ளம் மெதுவாகவே விழும், பிடிப்பு சீராகும், சத்தமும் குறையும். சத்தம் குறைந்ததுதான் குறை. அதை ஈடுகட்ட மூடியில் இன்னும் பெரிய ஓட்டை.

2012இல் 1199 பனிகாலே வந்தபோது டுகாட்டி தன் முதன்மை சூப்பர்பைக்கின் கிளட்சைச் சத்தமில்லாமல் ஆயிலில் முக்கியது. ரசிகர்கள் துக்கம் அனுசரித்தார்கள். கம்பெனிக்கும் இளகிய மனசு. 2019இல் பந்தயத்துக்கென வந்த விலை உயர்ந்த பனிகாலே V4 Rஇல் உலர் கிளட்ச் திரும்பியது. சாதாரண V4காரர்கள் ஏங்கிப் போகாமல் இருக்கத் தனிக் கிட்டாகவும் விற்கிறார்கள். ஒரு காலத்தில் வண்டியோடு இலவசமாக வந்த தலைவலிக்கு இன்று தனி பில். வியாபாரம் என்றால் இதல்லவா!

பழைய டுகாட்டி ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தத்தில் மயங்கி நிற்காமல், கிளட்ச் மூடியைக் கழற்றச் சொல்லி காடிகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடுக்கினால் பாஸ்கெட், பிளேட்டுகள் இரண்டின் விலையையும் கழித்துக்கொண்டு பேசுங்கள். மூடியைக் கழற்ற விற்பவர் தயங்கினால், கிளட்ச் மிகவும் இனிமையாகப் பாடுகிறது என்று அவரைப் பாராட்டிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.