வன்னியில் கணக்காளரை மாற்றுதல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பிரச்சினை

கிளிநொச்சி வியாபாரி லொறியை மாற்றுவார், வங்கியை மாற்றுவார், உரக் கொம்பனியையும் மாற்றுவார். கணக்குப் பார்ப்பவரை மாற்றுவதென்றால் மட்டும் இரண்டு காலபோகம் யோசிப்பார். இத்தயக்கத்தின் வேர்களைத் தேடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. களமும் முறையியலும்

ஏ9 வீதியில் கரடிப்போக்குச் சந்தி தொடக்கம் டிப்போச் சந்தி வரை ஆய்வுக்களம். தேநீர்க்கடை வாங்குகள் தரவு நிலையங்கள். தம் கணக்கைப் பற்றிக் கேட்டால் எவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் கடைக் கணக்கைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சதக்கணக்குவரை சொன்னார்கள். எனவே இரண்டாம் முறையே கைக்கொள்ளப்பட்டது.

2009க்கு முந்திய கொப்பிகள் ஆய்வுக்குக் கிட்டவில்லை. காணி உறுதியையும் அடையாள அட்டையையும் காவிக்கொண்டு ஓடிய இடப்பெயர்வில் கடன் கொப்பி தப்பியது அரிது. மீளக் கடை திறந்தபோது கடனாளிகள் பலரின் பெயர் நினைவில்தான் இருந்தது. கடையின் நினைவை வைத்திருப்பவரைப் பகைக்கக்கூடாது என்ற எச்சரிக்கை வியாபாரிக்கு அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

3. காலம்

சட்டப்படி வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வியாபாரியின் ஆண்டோ காலபோக வெட்டோடு முடிகிறது. உரமும் கிருமிநாசினியும் கடனுக்குப் போவது “வெட்டுக்குத் தாறன்” என்ற ஒரே பிணையில். நெல் விற்ற காசு மாசி, பங்குனியில் வந்து சேர, சித்திரையில் புதுக்கணக்கு. ஆக, அரசும் வயலும் பஞ்சாங்கமும் ஒத்துப்போகும் பங்குனிக் கடைசியே கணக்காளரை மாற்ற உகந்த காலம்.

அப்போது எவரும் மாற்றுவதில்லை. வருமான விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. மழையும் அந்தத் திகதியும் சேர்ந்து நெருங்கும்போதுதான் ஞானம் பிறக்கிறது. அந்நேரம் எந்தப் புதுக் கணக்காளரும் தொலைபேசியை எடுப்பதில்லை.

4. வகைப்பாடு

(அ) கச்சேரியில் ஓய்வுபெற்ற ஐயா. எழுத்து முத்து முத்தாக இருக்கும். தனிநபர் வரி விடுவிப்பு 2025 ஏப்ரலில் 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்ததை இன்னும் வதந்தியாகவே கருதுபவர்.

(ஆ) வர்த்தகம் படிப்பிக்கும் மாஸ்டர். ரியூசன் முடிந்தபின் கணக்குப் பார்ப்பார். ஐந்தொகை சமன்படும் வரை சாப்பிடமாட்டார்.

(இ) மடிக்கணினியோடு வரும் பெடியன். எதற்கும் பில் கேட்பான். மாற்றங்கள் பெரும்பாலும் முதலிரு வகையிலிருந்து இவனை நோக்கியே நிகழ்கின்றன.

5. கண்டுபிடிப்பு

1959இல் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் உறுப்பினர்களுக்கு ஒழுக்கக்கோவை வைத்திருக்கிறது. பொறுப்பை ஏற்குமுன் பழையவரிடம் விசாரிப்பது அத்தொழிலின் மரபு. வன்னியில் இம்மரபு தொலைபேசியில் நிறைவேறுகிறது. பெடியன் எடுத்துப் பார்த்தால் மறுமுனையில் தனக்கு உயர்தரம் படிப்பித்த மாஸ்டர்.

“மாஸ்டர், நீங்கள் பார்த்த பைல் ஒன்று என்னட்ட வந்திருக்கு...”

“எடும் தம்பி, எடும். பாஸ்வேட் மட்டும் என்ர மகளின்ர போனில கிடக்கு.”

அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் பெடியன் மாஸ்டரைக் கேட்பான், மாஸ்டர் மகளைக் கேட்பார், வியாபாரி இருவருக்கும் காசு கொடுப்பார். இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: கணக்காளரை மாற்ற முடியாது, கூட்டத்தான் முடியும்.

6. பரிந்துரைகள்

பழைய கூலிப் பாக்கியை முதலில் தீர்க்கவும். ஐந்து வருடச் சிட்டைகளையும் விவரத்திரட்டுப் பிரதிகளையும் கையெழுத்து வைத்து எடுக்கவும். இறைவரித் திணைக்களத்தில் பதிந்த மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் கடைக்காரருடையவைதானா என்று பார்க்கவும்.

கடைக்காரர் மகளின் கல்யாணக் கார்ட் இரு கணக்காளருக்கும் போகவேண்டும், பழையவருக்கு முதலில். அந்தக் கல்யாணச் செலவு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.