ஏரியை விடாத பறவை, ஊரை விடாத ரசிகர்

கே: லூன் என்பது எந்தப் பறவை? நம்மூர் முக்குளிப்பானா?

ப: தொழில் ஒன்று, குடும்பம் வேறு. இரண்டும் மூழ்கி மீன் பிடிப்பவை. ஆனால் நம் முக்குளிப்பான் இருநூறு கிராம்; லூன் நான்கைந்து கிலோ வரை இருக்கும். வட அமெரிக்க ஏரிகளில் கோடை முழுக்கக் குடியிருக்கும். கறுப்புத் தலை, முதுகில் வெள்ளைக் கட்டங்கள், குங்குமச் சிவப்பில் கண். மற்றப் பறவைகளைப் போல் எலும்பு உள்ளீடற்றது அல்ல, கனமானது. அதனால் சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடும். கால்கள் உடலின் கடைக்கோடியில் இருப்பதால் நீந்துவதில் ராஜா. தரையில் நாலடி நடக்கத் தவிக்கும்.

கே: இந்தப் பறவைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?

ப: 1961! அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் லூனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்த ஆண்டு அது. வாஷிங்டனில் ஆடிவந்த செனட்டர்ஸ் அணி அங்கே குடிபெயர்ந்து, மினசோட்டா ட்வின்ஸ் என்ற பெயரில் ஆடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களின் பெயரால் ‘ட்வின்ஸ்’.

கே: லூன் ஜோடிகள் சாகும்வரை பிரியாதாமே?

ப: கேட்க நன்றாக இருக்கிறது; உண்மை அதைவிட நன்றாக இருக்கிறது. லூன் விசுவாசமாக இருப்பது துணைக்கு அல்ல, ஏரிக்கு. விஸ்கான்சின் ஏரிகளில் லூன்களின் காலில் வண்ண வளையம் மாட்டிப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் வால்டர் பைப்பர் கண்டது இது. வெளியிலிருந்து வரும் ஆண், குடியிருக்கும் ஆணைச் சண்டையில் விரட்டிவிட்டால், பெண் ஏரியிலேயே இருந்து வென்றவனோடு குடும்பம் நடத்தும். குளிர்காலத்தைக் கடற்கரையில் இரண்டும் தனித்தனியாகக் கழிக்கும். பனி உருகியதும் இரண்டும் திரும்புவது பழைய ஏரிக்கே. அங்கே சந்திப்பதால்தான் ஜோடி.

மிச்சிகனின் சீனி வனவிலங்குச் சரணாலயத்தில் இப்படி ஒரு ஜோடி 25 கோடைகள் சேர்ந்து வாழ்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகளை வளர்த்தது. 2022இல் பிரிந்தன.

கே: அப்படியானால் ரசிகரின் விசுவாசம் யாருக்கு? ஆட்டக்காரருக்கா, அணிக்கா?

ப: ஊருக்கு. ராட் கேரூ ட்வின்ஸ் அணியில் ஏழு முறை பேட்டிங் பட்டம் வென்றவர். 1979இல் கலிபோர்னியா அணிக்குப் போய்விட்டார். ரசிகர்கள் அவரோடு மூட்டை கட்டவில்லை. தலையில் இரட்டை நகரங்களின் எழுத்துகள் பின்னிய தொப்பியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். 1987இலும் 1991இலும் உலகத் தொடர் கோப்பை அவர்களைத் தேடி வந்தது.

கே: தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ஏன் கட்டி அழ வேண்டும்?

ப: 2004 முதல் 2020 வரை, லீக் சுற்றுக்குப் பிந்தைய ஆட்டங்களில் ட்வின்ஸ் தொடர்ந்து 18 தோல்வி கண்டது. 2023 அக்டோபர் 3 அன்று டொரன்டோ புளூ ஜேஸை வென்றபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது. 2004இல் பிறந்த குழந்தை அதற்குள் கல்லூரிக்கே போயிருக்கும். அத்தனை ஆண்டும் அப்பாவோடு உட்கார்ந்து தோல்வியைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அன்றைய வெற்றி முழுசாகச் சொந்தம். ஜெயிக்கும்போது மட்டும் வருபவருக்குக் கிடைப்பது ஸ்கோர் மட்டுமே.

கே: ரசிகர் ஊரை விடவில்லை, சரி. அணியே ஊரை விட்டுப் போனால்?

ப: அதுதான் கொடுமை. புரூக்ளின் மக்கள் உயிராக நேசித்த டாட்ஜர்ஸ், 1957 சீசன் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. வாஷிங்டன் இரண்டு முறை அணியை இழந்தது. 1972 முதல் 2004 வரை அந்தத் தலைநகருக்குப் பெரிய லீக் அணியே கிடையாது. ட்வின்ஸுக்கும் கண்டம் வந்தது. 2001இல் லீக் உரிமையாளர்கள் இரண்டு அணிகளைக் கலைக்க வாக்களித்தார்கள்; அதில் ஒன்று ட்வின்ஸ் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மைதான ஒப்பந்தப்படி 2002 சீசனை ஆடியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆடினார்கள், அந்த ஆண்டே தங்கள் பிரிவில் முதலிடம்! அணி உரிமையாளர் பெயரில் இருக்கலாம். ஆனால் அதை அணியாக்குவது ஊர்தான்.

கே: லூனின் குரல் கேட்டால் மயிர்க்கூச்செறியுமாமே?

ப: ஆமாம். ராத்திரியில் ஓநாய் ஊளைபோல் நீளும் அழைப்பு ஒன்று. ஆபத்து கண்டால் நடுநடுங்கும் சிரிப்புபோல் ஒன்று. குடும்பத்துக்குள் மெல்லிய ‘ஹூட்’. நான்காவது, ஆண் மட்டும் எழுப்பும் எல்லை முழக்கம். ஒவ்வோர் ஆணுக்கும் அது தனி. அதைவிட ஆச்சரியம், ஏரி மாறினால் ஆண் தன் முழக்கத்தையும் மாற்றிக்கொள்ளும். ஊர் மாறிப் போனவர்களுக்கு இது புரியும்.

கே: லூனுக்கு மனிதர்களால் என்ன ஆபத்து?

ப: பார்க்க மிகச் சின்னது: தூண்டில் ஈயக்குண்டு. இரை செரிக்க லூன் ஏரியடிக் கூழாங்கற்களை விழுங்கும். அதோடு ஒரே ஒரு ஈயக்குண்டு உள்ளே போனாலும் உயிருக்கு உலை. முதுகில் குஞ்சுகளைச் சுமந்து நீந்தும் தாய் மடிந்தால், போவது ஓர் உயிர் மட்டுமல்ல.

ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்திலும் எஃகிலும் குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. அமெரிக்க, கனடா ஏரிகளில் வார இறுதியில் தூண்டில் போடும் தமிழர்களே, உங்கள் பெட்டியில் இருக்கும் ஈயத்தை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். லூன் அடுத்த வசந்தத்திலும் அதே ஏரிக்குத்தான் வரும்.